பெர்த்தா பென்ஸ்: இறக்கம் கற்றுக்கொடுத்த பாடம்

காரைக் கண்டுபிடித்தது யார்னு கேட்டா, ஃபர்ஸ்ட் இயர் பசங்ககூட கார்ல் பென்ஸ்னு டக்குனு சொல்லிடுவாங்க. 1886 ஜனவரி 29, பேட்டன்ட் எண் 37435 என்று தேதியோடு சொல்பவர்களும் உண்டு. ஆனா பேட்டன்ட் வாங்கின வண்டி ஊர் விட்டு ஊர் போகுமா, மேடு ஏறுமா, இறக்கத்தில் நிக்குமா? இதையெல்லாம் ரோட்டில் இறங்கிச் சோதித்துப் பார்த்தவர் கார்ல் இல்லை, அவருடைய மனைவி பெர்த்தா.

பெர்த்தா கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மருந்துக்கடையில் பெட்ரோல் வாங்கினார், தொப்பி ஊசியால் அடைப்பை எடுத்தார் என்பதோடு முடித்துவிடுவார்கள். அந்தப் பயணத்தில் இன்னொரு விஷயமும் இருக்கு. இன்னைக்கும் மலை இறங்கும்போது நியூட்ரலில் விடும் நம்ம ஆளுங்க எல்லோருக்கும் அது தேவைப்படும். அதனால இந்த இதழில் பெர்த்தாவின் வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

சீதனப் பணத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்

1849 மே 3 அன்று, இன்றைய தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பெர்த்தா ரிங்கர் பிறந்தார். அப்பா தச்சராக இருந்து கட்டட கான்ட்ராக்டராக உயர்ந்தவர், வசதியான குடும்பம். ஆனால் பெர்த்தா பிறந்த நாளைக் குடும்ப பைபிளில் குறித்து வைத்தபோது, இதுவும் பெண்ணாகப் போய்விட்டதே என்ற வருத்தத்தையும் சேர்த்தே அப்பா எழுதிவைத்தாராம். அந்த ஊர் இருந்த பாடன் மாநிலத்தில் பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு முழுசாகத் திறந்தது 1900-ல்தான். பெர்த்தா இன்ஜினியரிங் படிக்க நினைத்திருந்தாலும் வழி கிடையாது.

1869-ல் மவுல்ப்ரான் மடாலயத்துக்குப் போன ஒரு சுற்றுலாவில் கார்ல் பென்ஸைச் சந்தித்தார். கார்ல் கையில் காசு இல்லை, கார்ல்ஸ்ரூஹே பாலிடெக்னிக்கில் படித்த படிப்பும் குதிரை இல்லாத வண்டி என்ற கனவும் மட்டும் இருந்தது. 1871-ல் மன்ஹைம் நகரில் ஒரு பார்ட்னரோடு சேர்ந்து கார்ல் ஒர்க்‌ஷாப் தொடங்கினார். அந்தப் பார்ட்னர் ஒத்துவரவில்லை, ஒர்க்‌ஷாப்பே கைவிட்டுப் போகும் நிலைமை. கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கிக் கொடுத்து, பார்ட்னரின் பங்கை வாங்க வைத்தார் பெர்த்தா. கல்யாணம் நடந்தது அடுத்த வருஷம், 1872-ல்.

அப்புறம் வந்ததெல்லாம் கஷ்ட காலம். குழந்தைகள் ஒருபக்கம், கடன்காரர்கள் ஒருபக்கம். 1879 டிசம்பர் 31 இரவு, ஊரே புத்தாண்டுக்குக் காத்திருந்தபோது இவர்கள் இரண்டு பேரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் டூ ஸ்ட்ரோக் இன்ஜினை மறுபடியும் கிளப்பிப் பார்த்தார்கள். அது நிற்காமல் ஓடியது. 1883-ல் வேறு இரண்டு பேர் முதலீட்டோடு பென்ஸ் கம்பெனி தொடங்கியது. 1886-ல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேட்டன்ட் கிடைத்தது. பேட்டன்டில் கார்ல் பெயர் மட்டும்தான்.

வண்டி வந்தது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. சத்தமும் புகையுமாக மன்ஹைம் தெருக்களில் சுற்றும் ஒரு பொம்மையாகவே மக்கள் அதைப் பார்த்தார்கள். கார்ல் பெர்ஃபெக்‌ஷன் பார்க்கும் ஆள். இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாம், இன்னும் கொஞ்சம் மாத்தலாம் என்று ஒர்க்‌ஷாப்பிலேயே இருப்பவர். போட்ட பணம் அத்தனையும் அந்தச் சின்ன வண்டியில் மாட்டிக்கிட்டு நின்றது.

ஒரே லீவர்

பயணத்துக்குப் போகும் முன்பு அந்த வண்டியின் டிரான்ஸ்மிஷனைப் பார்த்துடலாம். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ஈஸி.

இன்ஜின் பின்னால் இருந்தது, ஒற்றை சிலிண்டர். அதிலிருந்து ஒரு பெல்ட் வழியாகக் குறுக்கே இருக்கும் ஷாஃப்டுக்கு சக்தி போகும். ஷாஃப்டிலிருந்து இரண்டு பக்கமும் செயின் வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போகும். கிளட்ச் பெடல் கிடையாது. அதற்குப் பதில் நாம் தியரி ஆஃப் மெஷின்ஸில் படிக்கும் ஃபாஸ்ட் அண்ட் லூஸ் புல்லி. பெல்ட் ஃபாஸ்ட் புல்லி மேல் இருந்தால் வண்டி நகரும். லூஸ் புல்லி மேல் தள்ளிவிட்டால் இன்ஜின் பாட்டுக்கு ஓடும், சக்கரத்துக்கு எதுவும் போகாது. நம்ம பாஷையில் சொன்னா, நியூட்ரல்.

இதையெல்லாம் டிரைவரின் இடது கைப்பக்கம் உள்ள ஒரே லீவர்தான் பார்த்துக்கொண்டது. முன்னால் தள்ளினால் பெல்ட் மாட்டி வண்டி போகும். பின்னால் இழுத்தால் பெல்ட் விலகி, பிரேக் பிடிக்கும். இதை இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க. அந்த வண்டியில் பிரேக் போடணும்னாலே நியூட்ரலுக்குப் போய்த்தான் ஆகணும். ஆக, இறக்கத்தில் இன்ஜின் கைகொடுக்க வழியில்லை. வண்டியின் மொத்த எடையும் பிரேக் கட்டை மேல்தான். அந்தக் கட்டையும் மரம்.

மன்ஹைம் சமதளமான ஊர். அங்கே ஓட்டும்வரை இது யாருக்கும் ஒரு பிரச்சனையாகத் தெரிய வாய்ப்பே இல்லை.

1888 ஆகஸ்ட்

பள்ளி விடுமுறை. அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தார் பெர்த்தா. அம்மா வீடு ஃபோர்ட்ஸ்ஹைமில், நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். ரயில் இருந்தது, ஆனாலும் காரில் போவது என்று தீர்மானித்தார். மூத்த மகன் ஆய்கனுக்கு 15 வயது, அடுத்தவன் ரிச்சர்டுக்கு 13. அதிகாலையில், கார்ல் எழுந்திருக்கும் முன்பே, மூன்று பேரும் வண்டியைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினார்கள். அரசாங்க அனுமதியும் வாங்கவில்லை, வீட்டுக்காரர் அனுமதியும் வாங்கவில்லை.

இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் நாமே திட்டுவோம். ஆனால் பெர்த்தா விளையாட்டுக்குப் போகவில்லை. வண்டி நீண்ட தூரம் ஓடும் என்று ஊருக்குக் காட்டாவிட்டால் தன் சீதனம், கணவரின் பதினேழு வருஷ உழைப்பு, நான்கு குழந்தைகளோடு கூடிய வீடு எல்லாமே ஆபத்தில் என்று அவருக்குத் தெரியும்.

வழி நெடுக ஏதாவது ஒன்று. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் கிணறு, ஓடை, சத்திரம் என்று கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். வீஸ்லோக் என்ற ஊரில் எரிபொருள் தீர்ந்தபோது, கறை நீக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார்கள். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக்கடையை இன்றும் சொல்கிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார் பெர்த்தா. இக்னிஷன் வயரின் மேலுறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றி இன்சுலேட் செய்தார். புருக்சாலில் ஒரு கொல்லர் செயினைச் சரிசெய்து கொடுத்தார்.

மேடு வந்தால் இன்னொரு கதை. அந்தக் குட்டி இன்ஜினால் மூன்று பேரை இழுத்து ஏற முடியவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். தள்ளி ஏற்றியதும் உச்சியில் ஒரு நிமிஷம் சந்தோஷம். அடுத்தது இறக்கம்.

மரக்கட்டையும் தோலும்

மேட்டில் ஏற முடியலைன்னா வண்டி நின்னுடும், அவ்ளோதான். இறக்கத்தில் நிறுத்த முடியலைன்னா என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. வண்டியும் மூன்று பேரும் சேர்ந்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் வெளியேற வேண்டிய எனர்ஜி சுமார் 245 கிலோஜூல். முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான அளவு. காற்றும் சாலை உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுக்க மரக்கட்டை உரசும் இடத்தில்தான் வெப்பமாக மாறியாக வேண்டும். மரம் வெப்பத்தைக் கடத்தாது. சூடேறும், கருகும், தேயும். தேயத் தேய பிடிப்பு போகும்.

பெர்த்தாவுக்கு நடந்தது இதுதான். இறக்கங்களில் பிடித்துப் பிடித்து மரக்கட்டைகள் தேய்ந்து பிரேக் வலுவிழந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இதுவரை யாரும் கார் ஓட்டாத சாலையில், பிரேக் பிடிக்காத வண்டி. பெர்த்தா பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளவில்லை. வழியில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியைப் பார்த்து, பிரேக் கட்டைகள் மேல் தோலை வைத்து ஆணியடிக்கச் சொன்னார். தோல் தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு தோல் அடிச்சுக்கலாம், கட்டை பத்திரமாக இருக்கும், பிடிப்பும் அதிகம். கார் வரலாற்றின் முதல் பிரேக் லைனிங் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இன்று நம்ம வண்டியில் இருக்கும் பிரேக் பேடும் இதே யோசனைதான்: தேய்வதற்கென்றே ஒரு பொருளை நடுவில் வை, தேய்ந்தால் மாற்று.

இருட்டிய பிறகு ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தார்கள். வந்து சேர்ந்துவிட்டோம் என்று கார்லுக்குத் தந்தி போனது. சில நாள் கழித்து அதே வண்டியில் திரும்பியும் வந்தார்கள்.

இன்னொரு கியர்

வீட்டுக்கு வந்ததும் பெர்த்தா கொடுத்தது வெறும் பயணக் கதை இல்லை, ஒரு டெஸ்ட் ரிப்போர்ட். எது உடைந்தது, எது சூடானது, எங்கே தள்ள வேண்டியிருந்தது என்று எல்லாம் சொன்னார். அதில் முக்கியமானது, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்பது. கார்ல் அதைச் சேர்த்தார். அதே வருஷம் செப்டம்பரில் முனிச் கண்காட்சியில் அந்த வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1899-ல் பென்ஸ் கம்பெனி ஒரே வருஷத்தில் 572 வண்டிகள் தயாரித்தது. அன்றைக்கு உலகிலேயே பெரிய கார் கம்பெனி அதுதான்.

லோ கியரை பெர்த்தா கேட்டது மேடு ஏறுவதற்காக. ஆனால் பின்னால் வந்த வண்டிகளில் இன்ஜினும் சக்கரமும் இறக்கத்திலும் இணைந்தே இருக்க முடிந்தபோது, அதே லோ கியர் இறங்கவும் உதவ ஆரம்பித்தது. எப்படி? ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே இறங்கினால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் மூடியிருப்பதால் காற்றை உறிஞ்ச பிஸ்டன் சிரமப்படும், உராய்வும் சேரும். இந்தச் சிரமம் மொத்தமும் வண்டியைப் பின்னால் இழுக்கும். கியர் குறைய குறைய இன்ஜின் வேகமாகச் சுற்றும், இழுப்பும் கூடும். இன்ஜின் பிரேக்கிங் என்று நாம் சொல்வது இதைத்தான். தேயும் லைனிங் இல்லை, கொதிக்கும் ஃப்ளூயிட் இல்லை, வரும் வெப்பத்தை வெளியே தள்ள ரேடியேட்டரும் சைலன்சரும் இருக்கு. டீசல் இன்ஜினில் பொதுவாக த்ராட்டில் மூடாததால் இழுப்பு குறைவு, அதனாலதான் பஸ், லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள்.

வேற வழி இல்லாத வண்டியில் பெர்த்தா நியூட்ரலில் இறங்கினார். எல்லா வசதியும் உள்ள வண்டியில் நாம ஏன் நியூட்ரல் போடணும்?

நம்ம கணக்கு

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது ஏறக்குறைய 1,900 மீட்டர் உயர வித்தியாசம். அதில் பாதியை, 1,000 மீட்டரை மட்டும் எடுத்துக்குவோம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார். எனர்ஜி சுமார் 14.7 மெகாஜூல். 50 லிட்டர் தண்ணீரை கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் இது. நியூட்ரலில் விட்டால் காற்றும் டயரும் எடுத்தது போக மீதி அனைத்தும் நாலு சக்கரத்துப் பிரேக்குக்குள் போகும். பேடு அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பு குறையும். வெப்பம் பிரேக் ஃப்ளூயிடுக்கும் போகும். டாட் 3 வகை ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு விதியே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அழுந்தும், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

மைலேஜ் கிடைக்குமே என்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரை விட்டால், இன்ஜின் வேகம் ஐடிலுக்கு மேல் இருக்கும்வரை இசியு இன்ஜெக்டரையே மூடிவிடும். சொட்டுப் பெட்ரோல் போகாது. நியூட்ரல் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க ஐடிலிங்குக்கு பெட்ரோல் ஊற்ற வேண்டிவரும். அதாவது இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பாதுகாப்பும் போச்சு, பெட்ரோலும் போச்சு. பிஎஸ்6 பைக்குகளிலும் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான், அதே கணக்குதான். எலெக்ட்ரிக் காரில் நியூட்ரல் போட்டால் இறக்கத்தில் பேட்டரிக்குத் திரும்ப வரவேண்டிய சார்ஜும் வராது. சமதளத்தில், சிக்னலுக்கு முன்னால் கொஞ்ச தூரம் உருளவிடுவதில் வேண்டுமானால் லாப நஷ்டம் பேசலாம். மலை இறக்கத்தில் பேச ஒன்றுமே இல்லை.

இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு உருட்டுவது இதைவிட மோசம். பிரேக் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்குவம் ரெண்டு மூணு அழுத்தலுக்குத்தான் வரும், பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே லாக் ஆகலாம். ஏர் பிரேக் உள்ள பஸ்ஸில் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் இன்ஜினோடு சேர்ந்து நின்றுவிடும்.

அதனால காட் ரோட்டில் லோ கியரில் இறங்கச் சொல்லி போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை. எந்த கியரில் ஏறுவீங்களோ அதே கியரில் இறங்குங்க என்று பழைய டிரைவர் அண்ணன்கள் சொல்வது நல்ல இன்ஜினியரிங். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைச்சுடணும். பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே போகாமல், தேவைப்படும்போது நல்லா அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துடணும். ஆறுவதற்கு நேரம் கிடைக்கும்.

கடைசி நாட்கள்

பெர்த்தாவின் பிற்கால வாழ்க்கை அமைதியாகப் போனது. கம்பெனியில் கருத்து வேறுபாடு வந்து 1903-ல் கார்ல் விலகினார். குடும்பம் லாடன்பர்க் என்ற சின்ன ஊருக்குப் போனது. 1906-ல் மகன்களோடு சேர்ந்து அங்கே இன்னொரு கம்பெனி தொடங்கினார்கள். 1926-ல் பென்ஸ் கம்பெனியும் டைம்லர் கம்பெனியும் இணைந்தன. 1929 ஏப்ரல் 4 அன்று கார்ல் இறந்தார். அதன் பிறகு பதினைந்து வருஷம் பெர்த்தா லாடன்பர்க் வீட்டிலேயே இருந்தார்.

1944 மே 3, அவருடைய 95-வது பிறந்த நாள். கார்ல் படித்த அதே கார்ல்ஸ்ரூஹே கல்லூரி, அப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகியிருந்தது, பெர்த்தாவை கௌரவ செனட்டராக்கியது. இளவயதில் அவருக்குக் கதவு திறக்காத இடம் அது. இரண்டு நாள் கழித்து, மே 5 அன்று, அவர் இறந்தார். 1888-ல் அவர் போய்வந்த பாதை 2008 முதல் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்ற பெயரில், போகவும் வரவும் சேர்த்து 194 கிலோமீட்டருக்குப் பலகைகள் வைத்து அடையாளம் காட்டப்படுகிறது.

ஒரு டிசைன் சரியா தப்பா என்று டிராயிங் போர்டில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும் என்று காட்டியவர் பெர்த்தா. அவருக்குக் கிடைத்தது ஆணியடித்த இரண்டு தோல் துண்டு. நமக்கு டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், அஞ்சு கியர் எல்லாம் இருக்கு. செமஸ்டர் லீவுக்கு ஏற்காடோ கொல்லிமலையோ போறவங்க, இறங்கும்போது அந்தக் கியரைக் கொஞ்சம் யூஸ் பண்ணுங்க.